குறிப்பறிகிறவர்கள்: உடம்பு, சம்மதம், கவுன்சலிங்

'கவுன்சலிங்' என்கிற சொல் தமிழ்நாட்டில் மூன்று இடங்களில் அதிகம் புழங்குகிறது. பொறியியல் கல்லூரியில் சேர ஒரு கவுன்சலிங். அரசுப் பள்ளி ஆசிரியர் இடமாறுதலுக்கு ஒரு கவுன்சலிங். மூன்றாவது, அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் புருஷன் பெண்சாதியை எதிரெதிரே உட்காரவைத்து நடத்தும் கவுன்சலிங். மூன்றிலும் நடப்பது ஒன்றுதான். ஆளுக்கு ஓர் இடம் ஒதுக்கப்படுகிறது. மூன்றாவதில் ஒதுக்கப்படுகிற இடம் பெரும்பாலும் புருஷன் வீடு. மனம் விட்டுப் பேசுவது என்ற பொருளில் இந்தச் சொல் நான்காவதாகத்தான் வருகிறது. அதுவும் பெருநகரங்களில், மணிக்கணக்குக்குக் கட்டணம் கட்ட முடிகிற வர்க்கத்துக்குள்.

இந்த நான்காவது வட்டாரத்தில் அண்மைக்காலமாக ஒரு பயிற்சி பேசப்படுகிறது. பாலுறவில் சம்மதம் என்பதை 'சரி', 'வேண்டாம்' என்ற வாய்வார்த்தையாக மட்டும் பார்க்காமல், உடம்பு உணர்கிற ஒன்றாகப் பார்க்க ஆலோசகர்களுக்கும் உளச்சிகிச்சையாளர்களுக்கும் கற்றுத்தருவது. அது என்ன என்று விளக்குவது இந்தக் கட்டுரையின் வேலை. கூடவே, சேர்வராயன் மலையில் நாகலூர் போன்ற ஓர் ஊருக்கு இது வந்து சேர்ந்தால் என்னவாகும் என்றும் கேட்டாக வேண்டும். ஏனென்றால் பெண் உடம்பை வாசிப்பது நமக்குப் புதிய சரக்கு அல்ல. நெடுநாள் பழக்கம். யார் வாசித்தார்கள், யாருக்காக வாசித்தார்கள் என்பதில்தான் சிக்கல் இருக்கிறது.

முதலில், ஏன் உடம்பு? ஆபத்தின் முன் உயிர்கள் எதிர்த்து நிற்கும், இல்லாவிட்டால் ஓடும் என்று பாடப்புத்தகம் சொல்லும். மூன்றாவது ஒன்று உண்டு. ஓட வழியில்லை, அடிக்கத் திராணியில்லை எனும்போது உடம்பு உறைந்துவிடும். குரல் எழாது, கை கால் வராது, ஆனால் நடப்பது தெரியும். ஸ்வீடனின் ஸ்டாக்ஹோம் நகரில் பாலியல் வன்முறைக்குப் பின் அவசர மருத்துவ மையத்துக்கு வந்த 298 பெண்களிடம் நடத்திய ஆய்வு ஒன்று 2017இல் வெளியானது. அவர்களில் 70 சதவீதம் பேர் அந்த நேரத்தில் குறிப்பிடத்தக்க அளவு உறைநிலைக்குப் போயிருந்தார்கள். 48 சதவீதம் பேருக்கு அது மிகக் கடுமையாக இருந்தது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, உறைந்துபோனவர்களிடமே மன அதிர்ச்சிக் கோளாறும் மனச்சோர்வும் அதிகம் காணப்பட்டன. எதிர்க்காத உடம்பைச் சம்மதித்த உடம்பு என்று கொள்வது எவ்வளவு பெரிய பொய் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. அதைப் பலர் சொல்லக் கூசுவார்கள். உடம்பு கிளர்வதும் மனம் விரும்புவதும் ஒன்றல்ல. கனடாவின் மெரெடித் சிவர்ஸும் சக ஆய்வாளர்களும் முந்தைய ஆய்வுகள் பலவற்றை 2010இல் தொகுத்துப் பார்த்தார்கள். உறுப்பில் ஏற்படும் மாற்றமும் அந்த ஆள் தன் கிளர்ச்சியைப் பற்றிச் சொன்னதும் ஆண்களிடத்தில் ஓரளவு ஒத்துப்போயின (தொடர்புக் கெழு 0.66). பெண்களிடத்தில் மிகக் குறைவாகவே ஒத்துப்போயின (0.26). வன்முறையின்போது உடம்பு ஈரமானதை நினைத்து 'அப்ப நானும் ஆசைப்பட்டேனா' என்று தன்னைத்தானே கூண்டில் ஏற்றிக்கொள்ளும் பெண்கள் இருக்கிறார்கள். விறைப்பு ஏற்பட்டுவிட்டதாலேயே தனக்கு நடந்ததை யாரிடமும் சொல்லாமல் புதைத்துவிட்ட பையன்களும் இருக்கிறார்கள்.

ஆக, உடம்பு அசையாமல் கிடந்தாலும் அது சம்மதம் இல்லை. உடம்பு கிளர்ந்தாலும் அது சம்மதம் இல்லை. அப்படியென்றால் 'உடம்பின் பேச்சைக் கேள்' என்று சொல்லும் பயிற்சி எதைக் கேட்கச் சொல்கிறது? இந்த முடிச்சை அவிழ்க்காமல் பயிற்சிக்குள் நுழைகிற ஆலோசகர் ஆபத்தானவர். வெளியிலிருந்து பார்த்து வாசிக்கப்படுகிற உடம்பு எதையும் நிரூபிப்பதில்லை. உள்ளிருந்து அந்த ஆளே உணர்கிற உடம்பு வேறு. நம்முடைய நீதிமன்றமும் மருத்துவமனையும் இலக்கியமும் கோயிலும் இதுவரை கைக்கொண்டது முதலாவதைத்தான்.

நீதிமன்றத்தை எடுத்துக்கொள்வோம். 1972 மார்ச் மாதம் மகாராஷ்டிரத்தின் தேசாய்கஞ்ச் காவல் நிலையத்துக்குள் ஒரு பழங்குடிச் சிறுமிக்கு நடந்தது நாடறிந்த மதுரா வழக்கு. விசாரணை நீதிமன்றம் காவலர்களை விடுவித்தது. பயத்தால் பணிந்துபோவது சம்மதம் ஆகாது என்று உயர் நீதிமன்றம் தண்டித்தது. 1978இல் உச்ச நீதிமன்றம் மறுபடி விடுவித்தது. உடம்பில் காயம் இல்லை, எதிர்த்ததற்கான தடயம் இல்லை என்பது அதன் வாசிப்பு. 1979இல் உபேந்திர பக்ஷி, லோத்திகா சர்க்கார், வசுதா தகம்வார், ரகுநாத் கேல்கர் என்னும் நான்கு சட்ட ஆசிரியர்கள் தலைமை நீதிபதிக்குத் திறந்த மடல் எழுதினார்கள். பணிவது வேறு, சம்மதிப்பது வேறு என்பது அதன் சாரம். அதையொட்டி எழுந்த பெண்கள் இயக்கத்தால் 1983இல் சட்டம் திருத்தப்பட்டது. ஆனால் 'எதிர்க்கவில்லை என்பதை மட்டும் வைத்துச் சம்மதம் என்று கொள்ளக் கூடாது' என்பது சட்டப் புத்தகத்தில் ஏற 2013 வரை ஆயிற்று. சம்மதம் என்பது ஐயத்துக்கு இடமில்லாத, தானாக முன்வந்த ஒப்புதல் என்றும், அதைச் சொல்லாலோ சைகையாலோ வேறு வழியாலோ தெரிவிக்கலாம் என்றும் அந்தத் திருத்தம் வரையறுத்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 63ஆம் பிரிவிலும் அதே வாசகம்தான்.

மருத்துவமனையின் கதை இன்னும் கேவலம். பெண்ணுறுப்புக்குள் இரண்டு விரலை விட்டுப் பார்த்து 'பழக்கப்பட்டவள்' என்று எழுதித்தந்த மருத்துவர்கள் இந்தியா முழுக்க இருந்தார்கள். வன்முறைக்கு ஆளானவளுக்கு அரசாங்கச் செலவில் இன்னொரு வன்முறை. இந்தப் பரிசோதனை அந்தரங்க உரிமையை மீறுகிறது என்று 2013இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2014இல் மத்திய சுகாதார அமைச்சகத்தின் வழிகாட்டு நெறிகள் இதை விலக்கின. பரிசோதனையின் எந்தப் பகுதியையும் மறுக்கப் பெண்ணுக்கு உரிமை உண்டு, மறுத்தால் சிகிச்சை நிற்காது என்றும் அவை கூறின. அப்படியும் நிற்கவில்லை. 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையும், அதே ஆண்டு அக்டோபர் 31 அன்று உச்ச நீதிமன்றமும் மறுபடி தடை சொல்ல வேண்டியிருந்தது. மருத்துவப் பாடத்திட்டத்திலிருந்தே இதை எடுக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். கவனிக்க வேண்டியது அந்த வார்த்தையைத்தான்: பாடத்திட்டம். இதைக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். உடம்பை எப்படி வாசிப்பது என்பது எப்போதும் கற்றுக்கொடுக்கப்படுகிற ஒன்று.

தமிழ் மரபும் கற்றுக்கொடுத்தது. தொல்காப்பியத்தில் மெய்ப்பாட்டியல் என்று ஒரு இயலே இருக்கிறது. அச்சம், இளிவரல், உவகை என்று எட்டு வகை. உள்ளே நிகழ்வது மெய்யில் எப்படித் தோன்றும் என்ற அழகான கணக்கு. கண்ணாலும் செவியாலும் நுட்பமாக உணர்கிறவர்க்கே அது விளங்கும் என்று முடிகிறது. கண்ணும் செவியும் எதிரே நிற்பவருடையவை. மெய் யாருடையதோ அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்ற யோசனை அதில் இல்லை. கவிதைக்கு அது போதும். வாழ்க்கைக்குப் போதாது.

திருக்குறளில் 'குறிப்பறிதல்' என்ற பெயரில் இரண்டு அதிகாரங்கள் உண்டு. பலரும் கவனிக்காமல் கடந்துபோகிற விஷயம் இது. பொருட்பாலில் 71ஆவது, காமத்துப்பாலில் 110ஆவது. முன்னதில் அரசனை அண்டிப் பிழைப்பவன் அரசனின் முகத்தை வாசிக்கிறான். பின்னதில் ஆண், பெண்ணின் கண்ணையும் பேச்சையும் வாசிக்கிறான். அவள் அயலாள்போல் பேசினாலும், கோபம்போல் பார்த்தாலும், உள்ளே விருப்பம்தான் என்று முடிவுகட்டுகிறான். வள்ளுவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதல்ல என் நோக்கம். அகமரபில் இருவரின் விருப்பமும் முன்கூட்டியே தீர்மானமான ஒன்று. ஆனால் அந்த அதிகாரத்தைப் பாடமாகப் படித்த சமூகம், முன்தீர்மானத்தை விட்டுவிட்டு வாசிப்பை மட்டும் எடுத்துக்கொண்டது. 'வேணாம்னா வேணும்னு அர்த்தம்' என்று தமிழ் சினிமா நாயகன் தெருவில் துரத்துவது அந்த வாசிப்பின் மலிவுப் பதிப்பு. அறிவுஜீவி வட்டத்துக்கும் பொருந்துகிற ஒன்றைச் சொல்கிறேன். 2017இல் தில்லி உயர் நீதிமன்றம், படித்த, பழகிய இருவருக்கிடையே பெண் மெதுவாகச் சொல்கிற 'வேண்டாம்' எப்போதும் மறுப்பாகிவிடாது என்ற பொருள்பட எழுதி மஹ்மூத் ஃபரூக்கியை விடுவித்தது. 110ஆவது அதிகாரம் ஆங்கிலத்தில்.

நிஜ வாழ்க்கையில் பெண்கள் தேர்ந்திருப்பது 71ஆவது அதிகாரத்தில். செருப்பைக் கழற்றுகிற சத்தத்திலிருந்தே இன்றைக்கு எப்படிப்பட்ட ராத்திரி என்று சொல்லிவிடுகிற பெண்கள் எல்லா ஊரிலும் உண்டு. அடுத்தவர் உடம்பை வாசிப்பதில் இவ்வளவு தேர்ச்சி பெற்றவளிடம் போய் 'உங்க உடம்பு என்ன சொல்லுது' என்று ஆலோசகர் கேட்டால், அவள் ஆலோசகரின் முகத்தை வாசித்து, அவருக்குப் பிடித்த பதிலைத்தான் சொல்வாள்.

இன்னொரு சொல்லையும் இங்கே பார்த்துவிட வேண்டும். அச்சம், மடம், நாணம், பயிர்ப்பு என்பதில் கடைசியாக வருவது. பழகாத பொருளின், பிற ஆடவரின் தொடுகை பட்டால் உண்டாகும் அருவருப்பு என்று பயிர்ப்புக்கு விளக்கம் தருவார்கள். யோசித்துப் பார்த்தால் இது உடம்பின் மறுப்புக்குத் தமிழில் இருக்கும் துல்லியமான பெயர். தோல் பின்வாங்குகிறது, வயிறு கலங்குகிறது, வாய் பேசும் முன்னே உடம்பு 'இல்லை' என்றுவிடுகிறது. இதைக் கண்டுபிடித்த மரபு அதைப் பெண்ணின் கையில் கொடுக்காமல் கற்பின் காவலுக்கு வைத்துவிட்டது. அயலானிடம் பயிர்ப்பு இருந்தால் அது குணம். கட்டியவனிடம் இருந்தால் அது நோய், அல்லது பேய். பாரதிய நியாய சன்ஹிதாவின் 63ஆம் பிரிவு, 18 வயது நிரம்பிய மனைவியோடு கணவன் கொள்ளும் உறவு வன்புணர்ச்சி ஆகாது என்று விதிவிலக்குத் தருகிறதே, அது இந்தப் பயிர்ப்பின் சட்ட வடிவம். 2022 மே 11 அன்று தில்லி உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகளும் இதில் ஆளுக்கொரு பக்கமாகத் தீர்ப்பெழுதினார்கள்.

பேய் என்றது உருவகம் அல்ல. மானிடவியலாளர் இசபெல் நபோகோவ் வட தமிழகத்தில் பேயோட்டும் சடங்குகளை ஆராய்ந்து 1990களில் எழுதினார். பேய் பிடிப்பது பெரும்பாலும் புதிதாகக் கல்யாணமான பெண்களை. பிடிக்கும் பேய், காதல் கைகூடாமல் செத்த வாலிபன். பிடித்தபின் அவள் புருஷனை அண்டவிடுவதில்லை. பம்பையடித்து, அவளை ஆடவைத்து, பேயைப் பேசவைத்து, உச்சிமயிரை அறுத்துப் புளியமரத்தில் ஆணியடிப்பதோடு காதலன் போகிறான், பெண்சாதி திரும்புகிறாள். நம் ஊரின் உடல்வழிச் சிகிச்சை இது. மேற்கில் பீட்டர் லெவின் 1997இல் அதிர்ச்சி உடம்பில் தங்குகிறது, உடம்பை அசைத்தே அதை விடுவிக்க வேண்டும் என்று எழுதினார். 2014இல் பெஸல் வான் டெர் கோல்க் அதையே உலகெங்கும் பரப்பினார். எங்கள் பூசாரிக்கு இது எப்போதோ தெரியும் என்று யாராவது பெருமைப்படலாம். தெரியும்தான். அவர் உடம்பைப் பேசவிட்டார். பேசியதைப் பேயின் கணக்கில் எழுதிவிட்டு, பெண்ணைப் புருஷன் வீட்டுக்கு அனுப்பினார். 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் தொடங்கி மாநிலமெங்கும் பரவிய மகளிர் காவல் நிலையக் கவுன்சலிங்கில் பம்பை மட்டும்தான் இல்லை.

இனி பயிற்சிக்கு வருவோம். பாலியல் சிகிச்சையில் தொடுதலைப் பாடமாக்கிய முன்னோடிகள் மாஸ்டர்ஸும் ஜான்சனும். 1970இல் வெளியான நூலில், உறவு கொள்வதை நிறுத்திவைத்து, எதையும் சாதிக்க வேண்டிய கட்டாயமின்றித் தொட்டு உணரும் வீட்டுப்பாடத்தைத் தம்பதிகளுக்குக் கொடுத்தார்கள். (நம் நாட்டு மனநல மருத்துவம் இந்தத் துறைக்குத் தந்த புகழ்பெற்ற பங்களிப்பு 'தாது' நோய்க்குறி. 1960இல் என். என். விக் பெயரிட்டது, விந்து போகிறதே என்று ஆண் படும் கவலை. சேலத்து வைத்தியர்கள் ஊர் ஊராக லாட்ஜில் அறை போட்டு முகாம் நடத்துவதும் இதே கவலைக்குத்தான். பெண்ணின் விருப்பமின்மைக்கு யாரும் முகாம் போட்டதில்லை.) இப்போது சம்மதப் பயிற்சிகளில் அதிகம் பயன்படுவது பெட்டி மார்ட்டின் என்ற அமெரிக்கப் பெண் உருவாக்கிய 'சம்மதச் சக்கரம்'. முதுகெலும்பு நீவும் மருத்துவம் பார்த்தவர். புத்தகம் 2021இல் வந்தது.

சக்கரம் கேட்பது இரண்டே கேள்விகள். யார் செய்கிறார்? யாருக்காக? இரண்டையும் பெருக்கினால் நான்கு நிலை. நான் செய்கிறேன், உனக்காக. நான் செய்கிறேன், எனக்காக. நீ செய்கிறாய், எனக்காக. நீ செய்கிறாய், உனக்காக. நான் இடம் கொடுக்கிறேன். நான்கும் வட்டத்துக்குள் இருக்கும்வரை, அதாவது இருவரும் பேசி ஒத்துக்கொண்டவரை, நல்லவையே. தன் சுகத்துக்காகத் தொடுவதும் பாவம் அல்ல, கேட்டுத் தொட்டால். வட்டத்துக்கு வெளியே போனால் அதே தொடுகை திருட்டாகவும் அடிமைவேலையாகவும் மாறுகிறது. அதிகம் நடக்கிற மோசடி, 'எனக்காக' என்பதை 'உனக்காக' என்று சொல்வது. குழந்தையின் கன்னத்தைக் கிள்ளுகிற அத்தை யாருக்காகக் கிள்ளுகிறாள்? 'உம்மேல இருக்கிற பிரியத்துலதானே' என்கிற புருஷன்?

இதைச் சொல்லிக்கொடுக்காமல் செய்து பார்க்க வைக்கிறார்கள். முதல் பயிற்சியில் இன்னொரு ஆளே கிடையாது. ஒரு சாதாரணப் பொருளைக் கையில் எடுத்து, அதை வைத்து எந்த வேலையும் செய்யாமல், கை தன் சுகத்துக்காக அதை உணர வேண்டும். சிரிப்பாகத் தெரியும். கொஞ்ச நேரத்தில் பலருக்கு அழுகை வருமாம், தன் கை இதுவரை தனக்காக எதையும் தொட்டதில்லை என்று தெரியும்போது. அப்புறம் இருவர் இருவராக, மூன்று நிமிஷக் கணக்கில், 'நான் உன்னை எப்படித் தொடட்டும்', 'நீ என்னை எப்படித் தொட விரும்புகிறாய்' என்று கேட்டுச் செய்வது. கேள்வி வந்ததும் பதில் சொல்லாமல் காத்திருப்பது இதில் முக்கியம். 'சரி' என்று வாய் முந்திக்கொள்ளும். அந்த நேரத்தில் தொண்டையில் என்ன, வயிற்றில் என்ன, மூச்சு நின்றதா என்று உள்ளே பார்த்துவிட்டு, அப்புறம் வாயைத் திறப்பது. பயிற்சி ஆலோசகரின் உடம்பில் தொடங்குகிறது என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த அம்சம். தன் 'சரி' எத்தனை தடவை பொய்யாக வருகிறது என்று தெரியாத ஆள், எதிரே உட்கார்ந்திருப்பவளின் 'சரி'யை அப்படியே வாங்கி வைத்துக்கொள்வார்.

ஆனாலும் சில விஷயங்கள் உறுத்துகின்றன. ஒன்று, இந்தச் சக்கரம் சமமான இருவரைக் கற்பனை செய்கிறது. தொடுவதற்கு முன் கேள் என்பது சரி. இந்த நாட்டில் பகலில் தொடவே கூடாதவள் என்று ஒதுக்கப்பட்டவளும், இருட்டினால் கேட்காமலே தொடலாம் என்று கருதப்பட்டவளும் ஒரே பெண். பயிற்சி அறையில் இருவர் இருவராகப் பிரியுங்கள் என்றதும் யார் யாரோடு சேர்கிறார்கள் என்பதிலேயே சாதி வந்து உட்கார்ந்துகொள்ளும். பயிற்றுநர் அதைப் பார்க்காததுபோல் இருந்தால், அங்கேயே ஒரு சம்மதம் மீறப்படுகிறது. இரண்டு, பூக்கோ 1976இல் பாலியலின் வரலாற்றில் சொன்னது. பாவமன்னிப்புக் கூண்டிலிருந்து மருத்துவர் அறை வரை, மேற்கு தன் ஆட்களைப் பாலுறவு பற்றிப் பேசவைத்தே ஆண்டது. வாய் ஒப்புதல் வாக்குமூலம் தந்தது போதாதென்று இப்போது உடம்பும் தர வேண்டுமா? 'உங்க தோள் இறுகுது பாருங்க, அப்ப உள்ள ஏதோ இருக்கு' என்று சொல்கிற ஆலோசகர், காயம் தேடிய நீதிபதியின் ஒன்றுவிட்ட தம்பி. இறுகிய தோளை அவர் பார்க்கலாம். அதற்கு அர்த்தம் சொல்ல அவருக்கு உரிமை கிடையாது. அர்த்தம் அவளுடையது. இல்லாமலும் இருக்கலாம், விறகு சுமந்த தோளாக இருக்கலாம்.

மூன்றாவது மொழி. ஆங்கிலக் கையேட்டில் உள்ளதை அப்படியே தமிழாக்கி 'உடம்பு எப்படி இருக்கு?' என்று கேட்டுப் பாருங்கள். 'நல்லாருக்கு சார், போன வாரம்தான் காய்ச்சல்' என்று பதில் வரும். தமிழில் அந்தக் கேள்வி நோயைப் பற்றியது. ஆனால் நம் பெண்களின் பேச்சில் உடம்புக்கான சொற்கள் ஏராளம். கூசுது, மரத்துப்போச்சு, வெலவெலன்னு ஆயிடுச்சு, வாயடைச்சுப்போச்சு, அடிவயிறு கலங்குது, ஒடம்பு ஒப்பல. இந்தக் கடைசி வார்த்தையைவிடச் சம்மதமின்மைக்கு என்ன வேண்டும்? 'சம்மதம்' வடமொழி, 'இசைவு' சட்டப் புத்தகத்தில் உட்கார்ந்திருப்பது, 'உடன்பாடு' என்பதிலோ படுதல் இருக்கிறது. 'ஒப்புது, ஒப்பல' என்பது வாய்வழியாகவே வாழ்கிற சொல். சோத்துக்கும் சொல்வார்கள், மாத்திரைக்கும் சொல்வார்கள், ஆளுக்கும் சொல்வார்கள். மரத்துப்போச்சு என்பதற்கு ஸ்டாக்ஹோம் ஆய்வு முழுக்க அடங்கும். ஆலோசகர் முதலில் படிக்க வேண்டிய பாடநூல் இந்தப் பேச்சு. கூச்சம் என்று அவள் சொன்னால் அதை வெட்கம் என்று மொழிபெயர்த்துச் சிரிக்காமல் இருப்பது முதல் தேர்வு.

நாகலூரை நினைத்துத்தான் இதையெல்லாம் எழுதுகிறேன். ஏற்காட்டைத் தாண்டி வடக்கே காப்பித் தோட்டங்களுக்கிடையில் இருக்கும் ஊர். இங்குள்ளவர்கள் பெரும்பாலும் மலையாளிப் பழங்குடிகள். கேரளத்தவர் அல்லர், காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பிகளாக மலையேறி வந்ததாகத் தம் கதை சொல்லும், தமிழ் பேசும் மக்கள். பெண்களுக்கு எஸ்டேட் வேலை. வன்முறைக்கு ஆளான பெண்ணுக்கு மருத்துவம், சட்டம், ஆலோசனை எல்லாம் ஓரிடத்தில் என்று மத்திய அரசு 2015இல் தொடங்கிய 'சகி' மையங்கள் மாவட்டத்துக்கு ஒன்று என்ற கணக்கு. இவளுக்கு அது கீழே சேலத்தில், 20 கொண்டை ஊசி வளைவுகளுக்கு அப்பால். போய்வர ஒரு நாள் கூலி போகும்.

இதே மலையாளிப் பழங்குடியினரின் ஊர்தான் பக்கத்துத் தர்மபுரி மாவட்டத்தின் வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று புகுந்த வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் 18 பெண்களை ஏரிப் பக்கம் இழுத்துப்போய் வன்புணர்ந்தார்கள். அங்கே சம்மதம் பற்றிய கேள்விக்கே இடமில்லை, அப்பட்டமான அரச வன்முறை. ஆனால் அதற்குப் பிந்தைய வருஷங்கள் நம் விஷயத்தைச் சேர்ந்தவை. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் செத்துப்போன பின், 2011 செப்டம்பர் 29 அன்று தர்மபுரி நீதிமன்றம் மீதி 215 பேரையும் தண்டித்தது. வன்புணர்ச்சிக்காக மட்டும் 17 பேர். 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்து, பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாயும் வேலையோ சுயதொழிலோ தரச் சொன்னது. இடைப்பட்ட 31 வருஷத்தில் அந்தப் பெண்கள் நடந்ததை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார்கள்! சங்கத் தோழர்களிடம், சி.பி.ஐ.யிடம், வக்கீல்களிடம், நீதிபதிகளிடம், பத்திரிகைக்காரர்களிடம், நம்மைப் போன்ற எழுத்தாளர்களிடம். சொன்னதால்தான் நீதி கிடைத்தது. அந்தப் போராட்டத்தின் பெருமையை நான் குறைக்கவில்லை. ஆனால் சக்கரத்தின் கேள்வியை இங்கே போட்டுப் பாருங்கள். யார் சொல்கிறார்? யாருக்காக? ஒவ்வொரு தடவையும் கேட்டவருக்காக. ஆலோசகரும் ஒரு கதைகேட்பவர்தான். 'என்ன நடந்துச்சு, மொதல்லேருந்து சொல்லுங்க' என்பது அவருடைய கோப்புக்காகவா அவளுக்காகவா என்று தெரியாதவரை, கதையைக் கேட்பதும் ஒரு தொடுகை. அதற்கும் அவளுடைய ஒப்புதல் வேண்டும். பாதியில் 'போதும்' என்றால் நிறுத்த வேண்டும். சொல்லாமலே எழுந்து போனாலும் அவள் பெயருக்கு எதிரே 'ஒத்துழைக்கவில்லை' என்று எழுதக் கூடாது.

பயிற்சி தர வேண்டியது யாருக்கு என்பதையும் மாற்றி யோசிக்க வேண்டும். மருத்துவ உளவியலாளர்களுக்கு 1992 சட்டத்தின்கீழ் அமைந்த இந்திய மறுவாழ்வுக் குழுவின் பதிவு உண்டு. ஆலோசகர் என்று பலகை மாட்டிக்கொள்ள நெடுங்காலம் எந்தச் சட்டமும் குறுக்கே வரவில்லை. 2021இல் வந்த சட்டம்தான் அவர்களையும் துணை மருத்துவத் தொழில்களின் பட்டியலில் சேர்த்தது. இந்த இரு வகையாரும் நாகலூருக்கு ஏறி வரப் பல வருஷம் ஆகும். அதுவரை இங்கே பெண்ணின் உடம்பைத் தொடுகிற, உடம்பைப் பற்றிக் கேட்கிற ஆள் கிராம சுகாதாரச் செவிலியர்தான், மலைப் பகுதிகளில் கூடவே ஆஷா பணியாளர். அவர்களுக்கு இருப்பது இலக்கு, பதிவேடு, மேலதிகாரியின் போன். பிரசவமான கையோடு கேட்காமலே காப்பர்-டி வைத்துவிட்டார்கள் என்ற புகார் தமிழ்நாட்டில் எழுந்ததுண்டு. வைத்தவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. 'உன் நல்லதுக்குத்தாம்மா' என்று நம்பியே வைத்திருப்பார். சக்கரத்தின் முதல் மோசடி.

நாகலூரில் இந்தப் பயிற்சியை நடத்துவதானால் சக்கரப் படத்தை நான் கடைசி நாளுக்கு வைப்பேன். முதல் நாள் கையில் ஒரு பிடி காப்பிப் பழம் போதும். பழுத்ததையும் செங்காயையும் கண்ணுக்கு முன்னே விரல் அறியும் என்று இங்குள்ள பெண்களே பயிற்றுநருக்குச் சொல்லித்தருவார்கள். இரண்டாவது நாள் மறுப்பதற்கு: எந்தப் பயிற்சியையும் காரணம் சொல்லாமல் 'எனக்கு ஒப்பல' என்று விட்டுவிட்டு வெளியே போய் உட்காரலாம், வருகைப்பதிவும் பேட்டாவும் குறையாது என்று எழுதிக் கொடுத்துவிட வேண்டும். மூன்றாவது நாள் செவிலியர்கள் தங்கள் பையைத் திறக்கட்டும். ரத்த அழுத்தம் பார்க்கிற பட்டையை எடுத்து, எதிரே இருப்பவளின் கையில் சுற்றுவதற்கு முன் 'சுத்தட்டுமா?' என்று கேட்டுவிட்டு, பதில் வருகிறவரை பட்டையைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டு இருக்கட்டும்.